அப்பா போனது வெயிலாலா? தில்லியில் மேல்மாடியில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

முனிர்கா மகள்:

வணக்கம். மூன்று வருஷமாக இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படிப்பதோடு சரி, இன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு முனிர்காவில் நாலாவது மாடி. அதற்கு மேலே மொட்டைமாடிதான். ஒன்றரை அறை. மேல்மாடி என்றால் வாடகை இரண்டாயிரம் குறையும், அந்த இரண்டாயிரத்துக்காகத்தான் எடுத்தேன். அப்பாவும் அம்மாவும் என்னோடுதான் இருந்தார்கள். அப்பா கரோல்பாகில் ஒரு கடையில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். 68 வயது. பிரஷருக்கு இரண்டு மாத்திரை, அதில் ஒன்று நீர் பிரிகிற மாத்திரை. மற்றபடி தினமும் காலையில் கீழே இறங்கிப் போய்ப் பால் வாங்கி வருகிற ஆள்.

2024 ஜூன் எப்படி இருந்தது என்று தில்லிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். மே கடைசியிலேயே சப்தர்ஜங்கில் 46.8 டிகிரி. பகலைக்கூட எப்படியோ ஓட்டிவிட்டோம், ராத்திரியைத்தான் தாங்க முடியவில்லை. ஜூன் 19 விடிகிற நேரத்தில் குறைந்தபட்ச வெப்பமே 35.2 டிகிரி என்று போட்டிருந்தார்கள். ஊரே குளிர்ந்து கிடக்க வேண்டிய நேரத்தில் அவ்வளவு. எங்கள் அறைக்குள் எவ்வளவு என்று யார் அளந்தார்கள்? ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டில் ஓரத்துச் சுவரில் கையை வைத்தேன். அடுப்பை அணைத்துக் கொஞ்ச நேரம் ஆன தோசைக்கல் மாதிரி இருந்தது. தலையணையைத் திருப்பிப் போட்டால் அந்தப் பக்கமும் சுட்டது. குழாயைத் திறந்தால் முதல் பக்கெட் தண்ணீரில் கை வைக்க முடியாது, டேங்க் மொட்டைமாடியில்தானே இருக்கிறது.

கூலர் இருந்தது. ஆனால் அந்த மாதம் தண்ணீர்க் கஷ்டம். எங்கள் தெருவுக்கு டேங்கர் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. "குடிக்கவே தண்ணி இல்ல, கூலருக்கு ஊத்தறியேம்மா" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நான் ஆபீஸுக்குக் கிளம்பியதும் அதை அணைத்துவிடுவார் என்பது எனக்குத் தெரியும். தம்பி மனைவிக்குப் பிரசவம், அம்மா அப்போது அவளுக்குத் துணையாக ஊருக்குப் போயிருந்தார். பகல் முழுக்க அப்பா தனியாக இருந்தார்.

20-ஆம் தேதி சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "நன்னிலம் பஸ் வந்துடுச்சா?" என்று கேட்டார். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். நெற்றியைத் தொட்டால் கொதித்தது. வேர்வையே இல்லை. உடம்பு லேசாக உதறியது. காய்ச்சல் என்று நானே முடிவு பண்ணி ஒரு பாராசிட்டமால் கொடுத்து, போர்வையைப் போர்த்திப் படுக்க வைத்தேன். அப்புறம் ரசம் வைக்கப் போனேன். எட்டே முக்காலுக்கு வாந்தி, அதோடு கையும் காலும் இழுத்துக்கொண்டது. கீழ்வீட்டுப் பையன் தூக்கிக்கொண்டு நாலு மாடி இறங்கினான். ஆஸ்பத்திரியில் காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்டார்கள், வீடு எப்படிப்பட்டது என்று யாரும் கேட்கவில்லை. பதினொன்று பத்துக்கு முடிந்துவிட்டது. இதயமும் சுவாசமும் நின்றதால் மரணம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மறுநாள் சுடுகாட்டில் எங்களுக்கு முன்னால் ஏழு குடும்பம் காத்திருந்தது. எல்லாருமே வயதானவர்களைக் கொண்டுவந்திருந்தார்கள்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். அப்பா போனது மாரடைப்பாலா, வெயிலாலா? இரண்டாவது, அம்மா இப்போது இங்கேதான் இருக்கிறார், அவருக்கு 64, சர்க்கரையும் உண்டு. வீடு மாற்ற இப்போது வழியில்லை. ஏப்ரல் முடியப் போகிறது. நான் என்ன செய்யட்டும்?

துவாரகா நர்ஸ்:

தங்கச்சி, பத்தொன்பது வருஷமாக இந்த ஊரில் அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நேரில் பார்க்காத ஒருவருக்கு இதுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நீ எழுதியதைப் படித்துக்கொண்டு வந்தபோது நன்னிலம் பஸ் என்ற இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சூடான உடம்பு, அதோடு புத்தி தடுமாறுவது. இந்த இரண்டும் சேர்ந்தால் நாங்கள் வெப்பத் தாக்கு என்றுதான் முதலில் நினைப்போம். உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டும்போது மூளைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். உளறுவார்கள், கோபப்படுவார்கள், பெற்ற பிள்ளையையே யார் என்று கேட்பார்கள். வயதானவர்களுக்குப் பெரும்பாலும் வேர்வை நின்றுபோயிருக்கும். வெயிலில் மூட்டை தூக்குகிற இளவயது ஆளுக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருக்கும்போதே வரும், அதனால் வேர்வை இருக்கிறதே என்று யாரும் தைரியமாக இருந்துவிடக் கூடாது.

போர்வையைப் பற்றி எழுதியிருந்தாயே, அதற்கு ஒன்று சொல்கிறேன், கேள். இப்படிப் போர்த்திக்கொண்டு வந்து இறங்கியவர்களை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். படித்தவர்கள், மருந்துக் கடை வைத்திருப்பவர்கள்கூட. சூடு என்றால் காய்ச்சல், காய்ச்சல் என்றால் போர்வை என்றுதான் நம் எல்லாருக்கும் வீட்டில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். காய்ச்சலில் மூளையே உடம்பின் அளவை மேலே தூக்கி வைக்கும், மாத்திரை அதை இறக்கும். வெயிலில் அந்த அளவு வைத்த இடத்தில்தான் இருக்கும். சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளே தேங்கிவிடும். அங்கே பாராசிட்டமாலுக்கு வேலையே இல்லை, ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கிற ஈரலுக்கு இன்னொரு சுமை, அவ்வளவுதான். இதை உனக்கு யாரும் சொல்லவில்லை. அது உன் தப்பு இல்லை.

சான்றிதழ் விஷயம். எந்த மரணத்திலும் கடைசியில் இதயம் நிற்கத்தான் செய்யும். அந்தப் படிவத்தில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வரிகள் உண்டு. உடனடிக் காரணம் மேலே, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த காரணம் கீழே. வெயில் எழுதப்பட வேண்டிய இடம் அந்தக் கீழ்வரி. வந்து இறங்கிய உடனே ஆசனவாயில் வெப்பமானி வைத்து உள்சூட்டைப் பார்க்காவிட்டால் அந்த வரியை நிரப்ப ஆதாரம் கிடைப்பது கஷ்டம். ஏசி அறையில் ஒரு மணி நேரம் போனால் உடம்பு ஆறிவிடும், அதோடு வெயிலும் கணக்கிலிருந்து போய்விடும். 2010 மே மாதம் அகமதாபாதில் 46.8 டிகிரி போனது. ஆராய்ச்சி செய்தவர்கள் அங்கே 'வெயில்' என்று எழுதிய சீட்டுகளை எண்ணவில்லை. அந்த மே மாதம் மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள், மற்ற வருஷங்களின் மே மாதத்தில் எத்தனை பேர் என்று பார்த்தார்கள். 1,344 பேர் அதிகம். உன் அப்பாவும் அப்படி ஒரு கணக்கில்தான் தெரிவார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அம்மாவுக்கு: உளறல் வந்தால் ஆட்டோ தேடி ஓடாதே. முதலில் உடம்பைக் குளிர வை. புடவையைத் தளர்த்தி, தலையிலிருந்து கால் வரை தண்ணீரை ஊற்றி, ஃபேனை முழு வேகத்தில் வை. ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு. ஊற்றிக்கொண்டே 102 அல்லது 112-க்குப் போன் பண்ணு. வண்டி வந்த பிறகும் ஈரத்துணியை எடுக்காதே. முதல் அரை மணி நேரத்தில் எவ்வளவு சூடு இறங்குகிறதோ அவ்வளவும் லாபம். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் மோர், தண்ணீர் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ராம் மனோகர் லோகியா ஆஸ்பத்திரியில் 2024-இல் வெப்பத் தாக்குக்கென்றே ஐஸ் தண்ணீர்த் தொட்டியோடு தனிப் பிரிவு திறந்திருக்கிறார்கள், முனிர்காவிலிருந்து வழியைத் தெரிந்து வைத்துக்கொள்.

வேலூர்க்காரன்:

சகோதரி, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வேலூரில் 43 டிகிரியில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் தாத்தா 88 வயது வரை கத்திரி வெயிலில் நிலத்துக்குப் போய்வந்தார். பழைய சோறு, நீர்மோர், நுங்கு, ராத்திரி மொட்டைமாடியில் படுக்கை. ஏசியும் இல்லை, கூலரும் இல்லை. வெயிலைக் கண்டு இவ்வளவு பயப்பட வைத்தால் ஜனங்கள் இன்னும் பலவீனமாகிவிடுவார்கள் என்பது என் கருத்து.

பன்வேல் தமிழன்:

வேலூர் அண்ணா, உங்கள் தாத்தா படுத்த மொட்டைமாடியில் ராத்திரி பத்து மணிக்கு மேல் காற்று வந்திருக்கும். பகலில் ஏறிய சூடு ராத்திரியில் இறங்கினால்தான் மனுஷன் மறுநாளைக்குத் தாங்குவான். இந்தத் தங்கச்சி வீட்டில் விடிகிற நேரத்தில்கூட அது இறங்கவில்லை, அதைத்தான் அவர் எழுதியிருக்கிறார். திறந்த மாடியும் காங்கிரீட் கூரைக்குக் கீழே அடைந்த அறையும் ஒன்றில்லை. உங்கள் தாத்தா நீர் பிரிகிற மாத்திரை சாப்பிட்டிருக்க மாட்டார் என்றும் நினைக்கிறேன்.

நான் இருப்பது நவி மும்பைப் பக்கம். 2023 ஏப்ரல் 16, கார்கரில் மகாராஷ்டிர பூஷண் விருது விழா. திறந்த மைதானம், லட்சக்கணக்கில் கூட்டம், பந்தல் கிடையாது. அன்றைக்கு வெப்பம் சுமார் 38 டிகிரிதான். தில்லிக்காரர்கள் அதை வெயில் என்றே சொல்ல மாட்டார்கள். 14 பேர் இறந்தார்கள். எங்கள் குடியிருப்பிலிருந்து ஒரு பாட்டி அந்தக் கூட்டத்துக்குப் போய்விட்டு நடக்க முடியாமல் திரும்பி வந்தார். மூன்று நாள் சலைன். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதுவரை நானும் உங்களை மாதிரிதான் பேசிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் மண்பானை இருக்கிறதா? சித்திரையில் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், ஐப்பசி மழையில் அதே பானை குளிராது. பானை கசிந்து அந்த ஈரம் காற்றில் போனால்தான் உள்ளே தண்ணீர் ஆறும். காற்றே ஈரமாக இருந்தால் கசிந்தது அப்படியே நிற்கும். நம் உடம்பும் வேர்வையும் அதே கதைதான். தில்லிக் கூலரும் அதே கதைதான், மே மாதம் உயிரைக் காப்பாற்றும், ஜூலையில் புழுக்கம் வந்ததும் அறையை ஆவி பிடிக்கிற மாதிரி ஆக்கிவிடும். ஈரத்துணி சுற்றின வெப்பமானி 35 காட்டினால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் நல்ல உடம்புக்காரனும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டான் என்று ரொம்ப நாளாகச் சொல்லிவந்தார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இளைஞர்களையே லேசான வேலை செய்ய வைத்துச் சோதித்தபோது 31 பக்கத்திலேயே உடம்பு கட்டுப்பாட்டை இழந்தது. வானிலைத் துறையும் இதனால்தான் சமவெளிக்கு 40, கடலோரத்துக்கு 37 என்று வேறு வேறு அளவு வைத்திருக்கிறது. எண்ணை மட்டும் பார்த்து 38 தானே என்று யாரும் வெளியே போய் நிற்காதீர்கள். 2024 அக்டோபரில் மெரினாவில் விமான சாகசம் பார்க்கப் போன கூட்டத்தில் ஐந்து பேர் இறந்தார்களே, அது கத்திரி வெயில்கூட இல்லை, புரட்டாசி.

அதே மாதம் தமிழ்நாட்டில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தார்கள், இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம். நல்ல காரியம். ஆனால் நர்ஸ் அக்கா சொன்ன அந்தக் கீழ்வரி காலியாக இருந்தால் அந்தக் குடும்பம் எதைக் காட்டிக் கேட்கும்? எனக்கு இதில் ரொம்ப ஆற்றாமை உண்டு.

நரேலா கொத்தனார்:

அம்மா, நான் விழுப்புரம் பக்கம். தில்லி ஜங்புராவில் தமிழர்கள் இருந்த குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பில் முப்பத்தைந்து வருஷம் இருந்தேன். 2025 ஜூனில் கேம்ப்பை இடித்த பிறகு இப்போது நரேலாவில். என் மகன்தான் இதை டைப் பண்ணுகிறான்.

மேல்மாடிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். அது எனக்குத் தெரிந்த வேலை. மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். பவுடர் பாக்கெட் வேண்டாம், கல் சுண்ணாம்பு வாங்கி ஒரு டிரம்மில் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். பொங்கும், கொதிக்கும், பக்கத்தில் குழந்தைகளை விடாதீர்கள், கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும். காலையில் சல்லடைத் துணியில் வடிகட்டி, மரவேலைக்குப் போடுகிற வெள்ளைப் பசையைக் கொஞ்சம் கலக்குங்கள், அப்போதுதான் காலில் ஒட்டாது. முதலில் மாடியை நன்றாகப் பெருக்கிக் கழுவி ஈரமாக வைத்துக்கொண்டு, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் நீளக் குச்சித் துடைப்பத்தால் அடியுங்கள். முதல் பூச்சு நீளவாக்கில், மறுநாள் இரண்டாவது பூச்சு குறுக்குவாக்கில். காய்ந்த பிறகு மதியம் அதில் வெறுங்காலோடு நிற்க முடிந்தால் வேலை சரி. பக்கத்து வீட்டு மாடியில் கால் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். மழைக்கு அப்புறம் கரைந்துவிடும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார், அவர் கூரைக்கும் நல்லது. அப்புறம் டேங்குக்கு மேல் ஒரு பழைய கோணிச் சாக்கைப் போர்த்துங்கள், குழாயில் கொதிக்கிற தண்ணீர் வராது.

வேலூர்த் தம்பி சொன்னதற்கு ஒரு பதில். 2024 மே கடைசியில் கட்டட வேலைக்காரர்களுக்கு மதியம் 12 மணியிலிருந்து 3 மணி வரை கூலியோடு ஓய்வு என்று துணைநிலை ஆளுநர் உத்தரவு வந்தது. டிவியில் பார்த்தேன். எங்கள் மேஸ்திரியிடம் சொன்னேன், அது வேறு சைட்டுக்கு என்றார். இரண்டு நாள் கழித்து என்னோடு சித்தாள் வேலைக்கு இருந்த பையன், 24 வயது, சிமென்டு சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டே போகிற வழியை மறந்து சுற்றிச் சுற்றி வந்தான். நாங்கள் என்ன விளையாடுகிறான் என்று பார்த்தோம். அப்படியே உட்கார்ந்தான். கலவை போடுகிற தொட்டியில் தண்ணீர் இருந்தது, அவனை அதற்குள் இறக்கினேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, வேறு என்ன செய்வது என்று தெரியாமல் செய்தேன். பையன் பிழைத்தான். அவனும் வெயிலில் வளர்ந்தவன்தான் தம்பி.

வேலூர்க்காரன்:

ஐயா, படித்தேன். அந்தத் தொட்டி விஷயம் மனதை என்னவோ செய்துவிட்டது. ஊரில் எங்கள் பெரியம்மா தனியாக இருக்கிறார், மேல்மாடிதான். நாளைக்கே போன் பண்ணி என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்கிறேன்.

துவாரகா நர்ஸ்:

கேளுங்கள், ஆனால் நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்திப் பக்கவாதம் வந்தவர்களும் எங்களிடம் வருகிறார்கள். டாக்டரிடம் போய், வெயில் காலத்துக்கு அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்கச் சொல்லுங்கள். இதய நோய்க்குக் கொடுக்கிற சில மாத்திரைகள், மனநல மாத்திரைகள் சிலவும் உடம்பு சூட்டை வெளியேற்றுவதைக் கெடுக்கும். முனிர்காத் தங்கச்சி, உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை என்பதால் குளுக்கோஸ் பானமாகக் கொடுத்துக்கொண்டே இருக்காதே. உப்புப் போட்ட மோர் போதும். பகலில் இரண்டு தடவை யாராவது கதவைத் தட்டிப் பேச வேண்டும், பேச்சு நேராக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். 1995-இல் சிகாகோவில் ஒரே வெப்ப அலையில் 739 பேர் போனார்கள், நிறையப் பேர் தனியாக, ஜன்னலைச் சாத்திக்கொண்டு மேல்மாடியில் இருந்த முதியவர்கள். நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

முனிர்கா மகள்:

எல்லாருக்கும் பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது. மன்னியுங்கள்.

நர்ஸ் அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். போர்வை விஷயத்தை இரண்டு வருஷமாக அவரிடம் சொல்லவே இல்லை. கேட்டுவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நானா இருந்தாலும் போர்த்திதான்டி விட்டிருப்பேன்" என்றார்.

கொத்தனார் ஐயா, சனி, ஞாயிறு இரண்டு சாயங்காலம் சுண்ணாம்பு அடித்துவிட்டோம். கீழ்வீட்டுப் பையன் டிரம்மைத் தூக்கினான், அப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கியவன்தான். அம்மா படியில் உட்கார்ந்துகொண்டு, அங்கே விட்டுப்போச்சு, இங்கே விட்டுப்போச்சு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இன்றைக்கு மதியம் ஒரு மணிக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு மாடியில் நின்று பார்த்தேன். நிற்க முடிகிறது. பக்கத்து மாடியில் இரண்டு எட்டு வைக்க முடியவில்லை. அறைக்குள் மாட்ட ஒரு வெப்பமானி வாங்கியிருக்கிறேன். ராத்திரி பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் பார்த்து அப்பாவின் பழைய கணக்கு நோட்டில் எழுதிவருகிறேன். நோட்டில் பாதிப் பக்கம் காலியாகத்தான் இருந்தது.

இரண்டாவது மாடியில் ஒரு பஞ்சாபி அம்மா இருக்கிறார். அவரிடம் ஒரு சாவி கொடுத்துவைத்தாயிற்று. பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் அவர் மேலே வருவார், அல்லது அம்மா கீழே போவார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை. ஆனால் பேச்சு நேராக இருக்கிறதா என்று அவருக்குத் தெரிந்துவிடும் என்று நினைக்கிறேன். கூலர் தண்ணீருக்குத் தனியாக இரண்டு டிரம் வாங்கியிருக்கிறேன். அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், அவரும் அப்பா மாதிரியே மிச்சம் பிடிக்கிற ஆள்.

கீழே டேங்கர் சத்தம் கேட்கிறது. போகிறேன்.